நாய்க்குக் கருத்தடை... எப்போது?

'பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே!' - அம்பத்தூர், ஆவடிப் பக்கம் நாய் வளர்க்கிற வீடுகளில் இப்படிச் சொல்வார்கள். குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரமே கிடையாது!

கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயது ஏற ஏற கர்ப்பப்பையில் சீழ் கோத்துக்கொள்ளலாம். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீராகக் குடிக்கிறதா? சோற்றைத் தொடவில்லையா? அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

சின்ன ஜாதி என்றால் 6 மாதம் வாக்கில், முதல் பருவத்துக்கு முன்பே செய்யலாம். மார்புக் கட்டி அபாயமும் குறையும். லாப்ரடார் மாதிரி பெரிய ஜாதிக்கு மூட்டு முதிர ஒரு வருஷமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டிக் கேளுங்கள். பயம் வேண்டாம், சென்னையில் புளூ கிராஸ் 1964-லேயே தெருநாய்களுக்கு ஆரம்பித்த ஆபரேஷன்தான் இது.

ஆண் நாயா? ஊர் சுற்றுவது குறையலாம். கடிக்கிற குணமும் போய்விடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்!