காரைக்காலில் கிடைக்காத ரெட்லிக்கியா

காரைக்கால் அரசலாற்றங்கரையில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும், ட்ரைலோபைட் என்ற பழங்காலக் கடல் விலங்கின் புதைபடிவம் அகப்படாது. மேலே இருப்பது காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். அதற்குக் கீழே, நிரவி அலுவலகத்திலிருந்து ஓஎன்ஜிசி எண்ணெயும் எரிவாயுவும் தேடித் துளையிடும் படிவப் பாறைகள். நிலம் பிளந்து இந்தக் காவிரிப் படுகை உருவானதே சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ட்ரைலோபைட்டுகளோ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்தன. படிவங்களுக்கு அடியில் உள்ள உருமாறிய பாறை, ட்ரைலோபைட்டுகள் தோன்றுவதற்கும் முந்தையது. இடைப்பட்ட காலத்துக் கடற்பாறை இங்கே இல்லை.

அன்றைய இந்தியாவுக்குள் ஒரு ட்ரைலோபைட் கிடைத்த இடம், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் உப்பு மலைத்தொடர். அங்கிருந்து வந்த புதைபடிவத்தை 1899-இல் ஆய்வாளர் கார்ல் ரெட்லிக் விவரித்து, ஹோஃபெரியா என்று பெயரிட்டார். அந்தப் பெயர் வேறொரு விலங்குக்கு ஏற்கெனவே சூட்டப்பட்டிருந்தது. ஆகவே 1902-இல் கோஸ்மான் என்ற ஆய்வாளர் அதை ரெட்லிக்கியா என்று மாற்றினார். தான் வைத்த பெயர் போனாலும் ரெட்லிக்குக்கு நட்டமில்லை!

ரெட்லிக்கியா வாழ்ந்தது சுமார் 51 கோடி ஆண்டுகளுக்கு முன். தலை அகன்ற அரைவட்டம். அதன் இரு மூலைகளிலிருந்தும் பின்னோக்கி நீளும் முட்கள். நடுவில் முன்புறம் குறுகிச் செல்லும் மேடு, இருபக்கமும் பிறை வடிவில் நீண்ட கண்கள். உடலில் பத்துக்கு மேற்பட்ட கணுக்கள். வாலோ மிகச் சிறியது; தேடித்தான் பார்க்க வேண்டும். ட்ரைலோபைட் என்றால் மூன்று மடல் கொண்டது; அந்த மூன்றைத் தலை, உடல், வால் என்று எண்ணிவிடக் கூடாது. ட்ரைலோபைட்டின் மூன்று மடல்கள் நீளவாக்கில் ஓடுபவை: நடுத்தண்டு ஒன்று, இருபுறமும் விலாப் பகுதிகள்.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் நண்டு வாங்குபவர்களுக்கு இனி வருவது எளிதில் புரியும். நண்டைப் போலவே இதுவும் வளர வளர ஓட்டைக் கழற்றியது. தலையில் உள்ள மெல்லிய பொருத்துக்கோடுகள் வழியே கன்னங்கள் பிரிய, உள்ளிருந்து விலங்கு வெளியேறும். அருங்காட்சியகத்தில் கன்னமில்லாத தலையைக் கண்டால், அது பிணமல்ல, கழற்றிப் போட்ட சட்டையாகவே இருக்கலாம். முதுகு ஓடு சுண்ணமேறிக் கெட்டியானதால் பாறையில் நிலைத்தது. மென்மையான கால்கள் அபூர்வமாகவே மிஞ்சின.

அப்படிக் கால்கள் மிஞ்சிய இடங்களுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவு. 2019-இல் விவரிக்கப்பட்ட ரெட்லிக்கியா ரெக்ஸ் அங்கிருந்து வந்தது; சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். கால்களின் அடிப்பகுதியில் தடித்த முட்கள் இருந்தன. இரையை நொறுக்கியது வாயல்ல, அந்தக் கால்கள். அதே பாறையில் கிடைத்த சாணப் படிவங்களில் ட்ரைலோபைட் ஓட்டுத் துண்டுகள் இருக்கின்றன. தன் இனத்தாரையும் அது விட்டுவைக்கவில்லை போலும்.