வீட்டுச் சுவரில் சினிமா: புரொஜெக்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

வீட்டிலேயே ஒரு தியேட்டர் வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே பலருக்கும் இந்த எண்ணம் வந்துவிடுகிறது. படத்தை 19 அங்குல மானிட்டரில் பார்ப்பதை விடச் சுவர் முழுக்கப் பார்த்தால் எப்படி இருக்கும்? 1905ல் ரயில்வேயில் டிராப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். இன்று அந்த வேலையை நம் வீட்டு ஷெல்பில் இருக்கும் சிறிய பெட்டி செய்துவிடுகிறது.

நானும் 2023ல் ஒரு புரொஜெக்டர் வாங்கினேன். ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் சாப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். மீட்டிங் அறையில் பயன்படுத்திய பழைய புரொஜெக்டர்களை ஊழியர்களுக்கு விற்றார்கள். 5,500 ரூபாய் கொடுத்து ஒன்றை மேடவாக்கம் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். இன்ஜினியரிங் படித்தவன்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த ஓராண்டில் நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தன. புரொஜெக்டர் என்பது முதலில் மிகச் சூடான ஒரு விளக்கு. படம் காட்டுவது அதற்குப் பிறகுதான். இதை மனதில் வைத்துக் கொண்டால் மற்றவை தானாகவே புரியும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாங்கும் முன்

விளம்பரங்களில் "9,000 லூமன்ஸ்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். "ஆன்சி லூமன்ஸ்" எவ்வளவு என்று கேளுங்கள். குறிப்பிட்ட முறையில் அளந்து சொல்லும் வெளிச்சத்தின் அளவு இது. விலை குறைந்த எல்.இ.டி. புரொஜெக்டர்கள் பலவற்றில் இது சில நூறுகள்தான் இருக்கும். விளக்கை அணைத்த இருட்டு அறைக்கு அது போதும். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு பார்க்க முடியாது.

அடுத்து ரெசல்யூஷன். "4கே சப்போர்ட்" என்றால், 4கே பைலை வாங்கிக் கொள்ளும் என்றுதான் பொருள். சுவரில் எத்தனை புள்ளிகள் தெரியும் என்பதைச் சொல்வது "நேட்டிவ் ரெசல்யூஷன்". அது 1920 x 1080 என்று இருந்தால் நல்லது. என்னுடையது 1280 x 800 தான். படம் பார்க்கப் போதுமானதாகவே இருக்கிறது.

பழைய புரொஜெக்டர் வாங்குபவர்கள் முதலில் அதன் மெனுவில் "லேம்ப் ஹவர்ஸ்" எவ்வளவு என்று பார்க்க வேண்டும். லேம்ப் உள்ள புரொஜெக்டர்களில் அது பொதுவாக 3,000 முதல் 5,000 மணி நேரம் வரை உழைக்கும். எல்.இ.டி., லேசர் வகைகள் 20,000 மணி நேரம் வரை போகும். நான் மெனுவைப் பார்க்காமலேயே வாங்கினேன். வீட்டில் பார்த்தபோது 3,400 மணி நேரம் ஓடி முடிந்திருந்தது.

எங்கே வைப்பது?

புரொஜெக்டரின் குறிப்புகளில் "த்ரோ ரேஷியோ" என்ற எண் இருக்கும். திரையின் அகலத்தை இந்த எண்ணால் பெருக்கினால், புரொஜெக்டரை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். என்னுடையதில் இது 1.5. ஆறு அடி அகலப் படம் வேண்டுமென்றால் 6 x 1.5, அதாவது 9 அடி தள்ளி வைக்க வேண்டும். 14 அடி நீள ஹாலில் இது சுலபமாக அமைந்துவிட்டது. மூலைக்கு மூலை சுமார் 85 அங்குலப் படம் கிடைத்தது.

படத்தைப் பெரிதாக்கும் ஆசைக்கும் ஓர் அளவு உண்டு. அகலத்தை இரண்டு மடங்காக்கினால், அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவும். படம் மங்கிவிடும்.

பளபளப்பு இல்லாத வெள்ளைச் சுவரே நல்ல திரை. அப்பாவின் எட்டு முழ வேட்டியைக் கட்டிப் பார்த்தேன். பாதி வெளிச்சம் வேட்டிக்குள் புகுந்து பின்பக்கம் போய்விட்டது. புரொஜெக்டரைச் சுவருக்கு நேராக வையுங்கள். சாய்வாக வைத்துவிட்டு "கீஸ்டோன்" வசதியால் சரி செய்தால் படத்தின் புள்ளிகள் குறைந்து தெளிவு போகும்.

காற்று மிக முக்கியம். புரொஜெக்டரைச் சுற்றி ஓர் அடியாவது இடம் விடுங்கள். கட்டில் மெத்தை, தலையணை, மூடிய ஷோகேஸ் ஆகிய இடங்களில் வைக்கக் கூடாது. சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் திரைச்சீலையோ, காகிதமோ இருக்கக் கூடாது.

எர்த் இருக்கிறதா?

முதல் வாரமே எனக்கு ஓர் அதிர்ச்சி, நிஜமாகவே. எச்.டி.எம்.ஐ. கேபிளை லேப்டாப்பில் செருகப் போனபோது விரலில் சுருக்கென்றது. காரணம், நான் புரொஜெக்டரை மாட்டியிருந்த மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மூன்று துளைகள் இருந்தன. உள்ளே திறந்து பார்த்தால் எர்த் ஒயரே இணைக்கப்படவில்லை! எர்த் இல்லாதபோது கசியும் மின்சாரம் புரொஜெக்டரின் உலோகப் பகுதியிலும் கேபிள் முனையிலும் வந்து நிற்கும். இது நமக்கும் ஆபத்து, லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டுக்கும் ஆபத்து.

எனவே மூன்று பின் ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டாதீர்கள். இரண்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரும் வேண்டாம். உங்கள் வீட்டு ப்ளக் பாயிண்டில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு முறை சோதித்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டரையும் புரொஜெக்டரையும் எர்த் உள்ள ஒரே போர்டில் மாட்டுவது நல்லது. எல்லா கேபிள்களையும் செருகிவிட்டு, அதன் பிறகே ஸ்விட்ச் போடுங்கள்.

கம்ப்யூட்டருடன் இணைத்தல்

இது சுலபமான வேலை. கேபிளை இணைத்த பின் புரொஜெக்டரில் "சோர்ஸ்" பட்டனை அழுத்தி எச்.டி.எம்.ஐ. என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயுடன் "பி" கீயை அழுத்தவும். நான்கு வழிகள் காட்டப்படும். "டூப்ளிகேட்" என்றால் மானிட்டரிலும் சுவரிலும் ஒரே காட்சி. "எக்ஸ்டெண்ட்" என்றால் சுவர் இன்னொரு மானிட்டர் போலச் செயல்படும். படம் பார்க்க "செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி" சிறந்தது. பிறகு டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, "டிஸ்ப்ளே செட்டிங்ஸ்" சென்று, புரொஜெக்டரின் நேட்டிவ் ரெசல்யூஷனை அமைத்திடவும்.

ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று பயப்பட வேண்டாம். எச்.டி.எம்.ஐ. வழியாகச் சத்தமும் புரொஜெக்டருக்குப் போய்விடும். டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் உங்கள் ஸ்பீக்கரை மீண்டும் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய வி.ஜி.ஏ. கேபிளில் படம் மட்டுமே செல்லும்; சத்தத்திற்குத் தனி ஒயர் வேண்டும்.

மின்சாரம் போனால்?

2023 மே மாதம். நல்ல வெயில் காலம். படம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது. அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. நான் உடனே புரொஜெக்டரை ஆன் செய்தேன். சில நிமிடங்களில் உள்ளே படீரென்று ஒரு சத்தம். இருட்டு.

நடந்தது இதுதான். இந்த வகை லேம்ப் எரியும்போது அதன் சிறிய கண்ணாடிக் குமிழுக்குள் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தம் இருக்கும். அதைக் குளிர வைப்பது பேன். புரொஜெக்டரின் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால், லேம்ப் அணைந்த பிறகும் பேன் சிறிது நேரம் ஓடி லேம்ப்பை ஆற வைக்கும். மின்சாரம் போனால் பேனும் நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கிவிடும். ஏற்கெனவே ஆயுள் முடிந்த லேம்ப். ஆறும் முன் மீண்டும் போட்டேன். போதாதா?

அம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டார். நல்ல வேளையாகத் தடுத்துவிட்டேன். இந்த லேம்ப்புகளில் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. லேம்ப் வெடித்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அரை மணி நேரமாவது கழியட்டும். பிறகு ப்ளக்கைப் பிடுங்கி, பெட்டி நன்றாக ஆறிய பின், கையுறை அணிந்து துண்டுகளை ஈரக் காகிதத்தால் எடுங்கள். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம். பழைய லேம்ப்பைக் குப்பையில் போடாமல் இ-வேஸ்ட் சேகரிப்பவரிடம் கொடுக்கவும். பாதரசம் உள்ள விளக்குகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த இ-வேஸ்ட் விதிகளில் அடங்கும்.

புது லேம்ப் 6,800 ரூபாய். புரொஜெக்டரின் விலையை விட அதிகம்!

கம்ப்யூட்டருக்கு வாங்கிய யு.பி.எஸ்.ஸில் புரொஜெக்டரையும் மாட்டலாமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்ஸ் வரைதான் தாங்கும். என் புரொஜெக்டர் மட்டும் 290 வாட்ஸ். கம்ப்யூட்டரும் மானிட்டரும் 120 வாட்ஸ் என்றால் மொத்தம் 410. தாங்காது. நான் புரொஜெக்டருக்கென்று தனி யு.பி.எஸ். வைத்துவிட்டேன். அதை வைத்து மீதிப் படம் பார்ப்பதில்லை. மின்சாரம் போனதும் முறைப்படி அணைத்து, பேன் நிற்கும் வரை காத்திருக்க மட்டும்தான். எல்.இ.டி. வகைகளுக்கு இந்த அளவு கவலை இல்லை என்றாலும், பவர் பட்டனில் அணைத்த பிறகே சுவர் ஸ்விட்சை அணைக்கும் பழக்கம் எல்லாவற்றுக்கும் நல்லது.

கண்ணைக் காப்பாற்றுங்கள்

ஒரு நாள் அக்கா மகள், நான்கு வயது, புரொஜெக்டரின் லென்ஸ் அருகே முகத்தைக் கொண்டு போய், "மாமா, உள்ள யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே தூக்கிக் கொண்டேன்.

லென்ஸ் அருகே வெளிச்சம் மிகக் கடுமையாக இருக்கும். பல புரொஜெக்டர்களில் "ஆர்.ஜி.2" என்ற லேபிள் ஒட்டியிருப்பார்கள். வெளிச்சத்தை உற்றுப் பார்க்கக் கூடாது என்பது இதன் பொருள். பெரியவர்களுக்குக் கண் கூசித் தானாக மூடிக் கொள்ளும். குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள். அன்றே புரொஜெக்டரை ஷெல்பின் மேல் தட்டுக்கு, ஆறு அடி உயரத்துக்கு மாற்றிவிட்டேன். பெட்டியைத் தலைகீழாக வைத்து, மெனுவில் படத்தைத் திருப்பிக் கொண்டேன். எந்தெந்த நிலையில் வைக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக் கொள்ளுங்கள். கூரையில் மாட்டுவதானால் கான்கிரீட்டில் போல்ட் அடித்து மாட்டவும். பால்ஸ் சீலிங் எடை தாங்காது.

மொட்டை மாடியில் படம் போடலாமா?

2024 ஜூன் 29. டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியாவும் தென் ஆப்பிரிக்காவும் பார்படாசில் மோதின. இரவு எட்டு மணிக்கு ஆட்டம். எங்கள் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை உண்டு. அதற்குள் புரொஜெக்டரை வைத்தேன். கீழ் வீட்டிலிருந்து சுருள் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று. அதே ஒயரில் இரண்டு பெடஸ்டல் பேன், ஸ்பீக்கர், டீக்காக எலக்ட்ரிக் கெட்டில்.

மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஏறி வந்தார். "இந்த ஒயரைத் தொட்டுப் பாருப்பா" என்றார். சுருள் சுடச் சுட இருந்தது. மேலே காய்ந்த கீற்று. "ஸ்ரீரங்கம் மறந்து போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பிடித்தது. மணமகன் உள்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடியோ எடுப்பதற்கான விளக்கின் மின் இணைப்பில் கிளம்பிய பொறி, கீற்றுப் பந்தலில் பற்றியதாகச் சொல்லப்பட்டது. அப்போது நான் சிறு பையன். பெரியப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

எல்லாவற்றையும் திறந்த வெளிக்கு மாற்றினோம். தடிமனான மூன்று கோர் ஒயரை முழுவதும் பிரித்து, கால் படாமல் சுவரோரம் போட்டோம். சுருட்டிய நிலையில் ஒயரின் சூடு வெளியேறாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கெட்டிலைச் சமையலறைக்கு அனுப்பினோம். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில்தான் மாட்டினோம். முதல் ஓவர் தவறிவிட்டது, ஆனால் இந்தியா 7 ரன்னில் வென்றதை எல்லோரும் நிம்மதியாகப் பார்த்தோம்.

தூறல் விழுந்தால் ஓடிக் கொண்டிருக்கும் புரொஜெக்டரை பிளாஸ்டிக் கவரால் மூடாதீர்கள். அணைத்துவிட்டு உள்ளே எடுத்துச் செல்வதே சரி.

தூசி, புகை, பூச்சி

மேடவாக்கத்தில் மெட்ரோ பணி நடந்த நாட்களில் என் புரொஜெக்டரின் பில்டர் ஒரே மாதத்தில் அடைத்துக் கொண்டது. மாதம் ஒரு முறை, ப்ளக்கைப் பிடுங்கி, ஆறிய பின் பில்டரைக் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை லென்ஸில் படியும், பக்கத்தில் வேண்டாம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு அருகில் இருப்பதால் மழைக்காலத்தில் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் மொய்க்கும். அந்த நாட்களில் ஜன்னல் வலையை மூடிவிட்டுப் படம் போடுகிறேன்.

ஆன் செய்யும் முன் ஒரு நிமிடம்

1. எர்த் உள்ள ப்ளக் பாயிண்ட்தானா?
2. சுற்றிலும் ஓர் அடி இடம் இருக்கிறதா?
3. லென்ஸ் குழந்தைகளின் கண் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா?
4. ஒயர் முழுவதும் பிரிக்கப்பட்டிருக்கிறதா? சூடாகிறதா?
5. மேலேயும் அருகிலும் கீற்று, துணி, காகிதம் இல்லையே?
6. மின்சாரம் போனால் பேன் ஓட யு.பி.எஸ். இருக்கிறதா?

இந்த ஆறுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. சரி பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள். படம் ஆரம்பமாகட்டும்!