பட்டயத்திலிருந்து பட்டத்துக்கு: பாதி திறந்த கதவு

பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்ற மாணவர், பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள இந்த ஏற்பாட்டில் பெரிய குறை ஏதும் இல்லை - மேலும் மூன்று ஆண்டுகள் சம்பாதிக்காமல் கல்லூரிக்குச் செல்ல வீட்டில் வசதி இருந்தால்.

வசதி இல்லாததால்தானே பலர் பட்டயத்தோடு வேலைக்குப் போகிறார்கள்? மத்திய அரசின் இளநிலைப் பொறியாளர் தேர்வை எழுதப் பட்டயம் போதும். ஆனால், மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பொறியியல் பணித் தேர்வுக்குப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். பதவி உயர்வில் இந்த வேறுபாடு ஓய்வுபெறும் நாள் வரை தொடரும்.

வேலையை விடாமல் இதைத் தாண்ட முன்பு சில வழிகள் இருந்தன. தில்லி ஜாமியா மிலியா இஸ்லாமியா போன்ற இடங்களில் மாலை நேரப் பொறியியல் வகுப்பு நடந்தது. பெருநகரத்தில் பணி வாய்த்தவர்களுக்கு அது உதவியது. மற்றவர்களுக்குக் கைகொடுத்தது, 1920-ல் தொடங்கப்பட்ட இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வு. தானே படித்து இரு பிரிவுகளிலும் தேறியவரைப் பட்டதாரிக்கு இணையாக மத்திய அரசு ஏற்றது. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களோடு அந்த அங்கீகாரம் நின்றது.

தொலைநிலைப் பட்டத்தின் கதை இதைவிடக் கசப்பானது. ஒரிசா நீரேற்றுப் பாசனக் கழக வழக்கில் 2017 நவம்பர் 3-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றி வழங்கிய தொலைநிலைப் பொறியியல் பட்டங்களைக் கேள்விக்குள்ளாக்கியது. அவற்றில் ஒன்று சேலத்தில் உள்ளது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் வென்றால்தான் அவை மீளும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. முன்தேதியிட்டு அனுமதி அளித்த அதிகாரிகளைப் பற்றி சி.பி.ஐ. விசாரிக்கவும் உத்தரவானது.

ஆய்வகம் காணாமல் பொறியாளர் உருவாக முடியாது என்ற கவலை நியாயமானதே. ஆனால், அனுமதி பெறாதது பல்கலைக்கழகங்கள். அதைக் கண்டும் காணாமல் விட்டது அதிகார வர்க்கம். பத்தாண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றிவிட்டு நடுவயதில் மீண்டும் தேர்வு எழுத நேர்ந்ததோ ஊழியர்களுக்கு. 2018 ஜனவரியில் நீதிமன்றம் ஒரு முறைத் தளர்வு அளித்து, தேர்வு முடிவு வரும் வரை பட்டத்தை வைத்துக்கொள்ள அனுமதித்தது சிறு ஆறுதல்.

2023-24 கல்வியாண்டில் புதிய வழி ஒன்றைக் கல்விக் குழு திறந்தது. பணியில் இருப்போருக்கு மாலையிலோ வசதியான வேறு நேரத்திலோ அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் வகுப்பு நடத்தலாம். ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். கல்லூரி பணியிடத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் இருக்க வேண்டும். புணேயிலும் ஃபரீதாபாத்திலும் ஆலைத் தொழில்நுட்பருக்கு இது எட்டும் தொலைவுதான். சிங்ரௌலி நிலக்கரிச் சுரங்கத்தில் சுழல்முறைப் பணியில் இருப்பவர் எந்த மாலையில் வகுப்புக்குப் போவார்? அணை கட்டும் மலைப்பகுதியில் அருகில் எந்தக் கல்லூரி இருக்கும்? இந்தச் சலுகை பயன்பட வேண்டுமானால், படிப்பு முடியும் வரை இடமாற்றமும் இரவுப் பணியும் இல்லாமல் ஊழியரை விட்டுவைக்க அரசுத் துறைகள் முன்வர வேண்டும்.