இரு குழாய்களும் எட்டாத சிறுகுடல்

எண்டாஸ்கோப்பி இயல்பு, கொலோனாஸ்கோப்பியும் இயல்பு; ஆயினும் இரத்தசோகை நீங்கவில்லை. இரு அறிக்கைகளையும் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. அறிக்கைகள் பொய்யல்ல. முதற்குழாய் முன்சிறுகுடல் வரையிலும், மற்றது பெருங்குடலைக் கடந்து சிறுகுடலின் இறுதிமுனை வரையிலுமே செல்லும். இடையே பல மீட்டர் நீளச் சிறுகுடல் காணப்படாமலே இருக்கிறது.

அவ்விடத்தில் குடற்சுவர் வெளிப்புறமாகப் பிதுங்கிச் சிறு பைகள் உருவாகலாம். இவற்றை டைவர்டிகுலம் என்பர். வயது முதிர்ந்தோரிடம் தோன்றும் பைகளில் உணவு தேங்கிக் கிருமிகள் பெருகும். வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவை தொடரும். சைவ உணவினரிடம் பி12 குறைந்தால் உணவின்மீதே பழி போடுகிறோம். ஊசி நிறுத்தியதும் குறைவு திரும்பினால் குடலையும் ஐயுற வேண்டும்.

பிறவியிலேயே அமைவது மெக்கல் பை. ஜெர்மானிய உடற்கூற்றியலர் யோகான் ஃபிரீட்ரிக் மெக்கல் 1809இல் இதனை விளக்கினார். கருவின் குடலை மஞ்சட்கருப் பையுடன் இணைத்த குழாய் முற்றிலும் மறையாமல் எஞ்சுவதே இது. நூற்றில் ஏறத்தாழ 2 பேருக்கு உண்டு. பெரும்பாலோர் அறியாமலே வாழ்ந்து முடிப்பர். சிலருக்கு அப்பையினுள் இரைப்பையின் திசு இருக்கும். அது சுரக்கும் அமிலம் அருகிலுள்ள குடலைப் புண்ணாக்க, குழந்தைக்கு வலியே இல்லாமல் இரத்தம் போகும். டெக்னீசியம் ஸ்கேன் அத்திசுவைக் காட்டிக்கொடுக்கும். கதிரியக்கம் என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே; செலுத்தப்படும் அளவு சிறிது, விரைவில் தணிவது.

மற்றப் பைகளுக்கு சி.டி. ஸ்கேன் அல்லது விழுங்கும் கேப்ஸ்யூல் கேமரா உதவும். முன்பு வயிற்று அறுவையோ குடலடைப்போ இருந்திருந்தால், கேப்ஸ்யூல் குறுகிய இடத்தில் சிக்கக்கூடும். முன்னதாகவே மருத்துவரிடம் கூறிவிடுங்கள். அது வெளியேறும்வரை எம்.ஆர்.ஐ. எடுத்தல் கூடாது.

தற்செயலாகக் கண்டறியப்பட்டுத் தொல்லை தராத பைகளை, பெரும்பாலும், அப்படியே விட்டுவிடலாம். கிருமிப் பெருக்கத்திற்கு ஆன்டிபயாட்டிக்கும் பி12 ஊசியும் தரப்படும். இரத்தக்கசிவு நிற்காவிடினும், பை துளைபட்டாலும், குடல் அடைபட்டாலும் அப்பகுதியை அகற்றி இரு முனைகளையும் இணைப்பதே பெரும்பாலும் வழி.

இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆதலால் நிறத்தை மட்டும் கண்டு கலங்க வேண்டியதில்லை. தாரைப்போல் ஒட்டும், துர்நாற்றமுள்ள மலமோ சிவந்த இரத்தமோ மயக்கத்துடன் வந்தால், பாரிவாக்கத்தில் பூந்தமல்லிப் பேருந்துக்காகக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். பழைய அறிக்கைகள் அனைத்தையும், இயல்பு என்று எழுதப்பட்டவற்றையும், உடன் கொண்டுவாருங்கள்.