ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் அட்மிஷன்

1990-களில் பிளஸ் டூ பரீட்சை முடிந்த பிறகுதான் பல வீடுகளில் காலேஜ் பேச்சே எழும். நுழைவுத்தேர்வுக்குப் பக்கத்து டவுனில் ஒரு மாதம் கோச்சிங். ரிசல்ட் வந்ததும் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என்று கட்-ஆஃப் கணக்கு. 1997-இல் பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறை வந்தபின், அழைப்புக் கடிதத்தோடு அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பஸ் ஏறிக் கிண்டிக்கு வந்தார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் இடங்கள் குறைந்துகொண்டே வரும். எந்தக் கல்லூரி நல்லது என்று வெளியே முன்பின் தெரியாதவரிடம் விசாரித்து, உள்ளே போய்ச் சில நிமிடங்களில் முடிவெடுத்தவர்கள் ஏராளம். அதை எளிமை என்று என்னால் கொண்டாட முடியாது. விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அதில் லாபம்.

2007-இல் நுழைவுத்தேர்வு போனது. 2017-இல் மருத்துவத்துக்கு நீட் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல் கவுன்சிலிங் ஆன்லைனுக்கு மாறியது. இன்று தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆறாம் வகுப்பிலேயே நீட், ஜேஇஇ ‘ஃபவுண்டேஷன்’ வகுப்பு. பதினொரு வயதுப் பிள்ளை விளையாட வேண்டிய சாயங்காலத்தில் ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்புவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

ஆனால் அதே ஆறாம் வகுப்பு வேறொரு கணக்கிலும் முக்கியம். அது தெரியாத குடும்பங்களை நினைத்தால்தான் மனம் பதறுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியலில் 2021-இலும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. பொறியியலில் இப்படிச் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எட்டாவதில் கடன் வாங்கி, பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், இவ்வளவும் கைவிட்டுப் போவதை அறியாமலே பீஸ் கட்டுகிறார்கள்.

சான்றிதழ்களும் அப்படித்தான். ரிசல்ட் வந்த வாரத்தில்தான் சாதிச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரிகிறது. ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறொன்று என்றால் அலைச்சல்தான். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போகும் முன்பே திருத்தினால் எளிதில் முடியும் வேலை இது.

ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோரை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, தலைமையாசிரியர் இந்த 7.5% விதியையும் சான்றிதழ்களையும் விளக்கி அனுப்ப வேண்டும்.