வீடு கட்டித் தந்தவரோடு தகராறா? ‘ரெரா’ கைகொடுக்காது... எந்தக் கதவைத் தட்டுவது?

‘சதுர அடிக்கு இவ்வளவு, மெட்டீரியலோட சேர்த்து. பேப்பர் எல்லாம் எதுக்கு, நாம என்ன வெளியாளா?’ - தஞ்சாவூர் மாவட்டம் திருப்பனந்தாள் போன்ற ஊர்களில் பல வீடுகள் இந்தப் பேச்சில்தான் தொடங்குகின்றன. கட்டுபவர் தூரத்து உறவாக இருப்பார். இல்லாவிட்டால் பக்கத்து ஊர் மேஸ்திரியாக இருப்பார். முன்பணம் கைமாறும், வேலையும் தொடங்கிவிடும்.

பிரச்சினை வருவது அதற்குப் பிறகுதான். பேஸ்மட்டத்தோடு வேலை நிற்கும். தளம் ஒழுகும். இரண்டாவது மழைக்காலத்தில் சுவரில் விரிசல் ஓடும். ‘எக்ஸ்ட்ரா வேலைக்கு இன்னும் காசு வரல’ என்று கான்ட்ராக்டர் பக்கம் வேறொரு கணக்கு இருக்கும். பெரியவர்களை வைத்துப் பேசியும் தீரவில்லை என்றால், சட்டத்தில் என்ன வழி இருக்கிறது?

‘ரெரா’வில் புகார் தர முடியாதா?

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ‘ரெரா’ எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஆனால், இந்தச் சட்டம் மனைப்பிரிவு போட்டோ அடுக்குமாடி கட்டியோ விற்பவர்களுக்கானது. 500 சதுர மீட்டர் நிலம், 8 வீடுகள் என்ற அளவைத் தாண்டும் திட்டங்களைத்தான் பதிவு செய்ய வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்தில் வீடு வாங்கியிருந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை விற்றவரே சரிசெய்து தர வேண்டும்.

சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டும் வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் விற்கவில்லை. அதனால் அங்கே ‘ரெரா’வுக்கு வேலை இல்லை.

அப்படியானால் எங்கே போவது?

நுகர்வோர் ஆணையம்தான் முதல் கதவு. வீடு கட்டித் தருவதும் ஒரு ‘சேவை’தான் என்று 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தன் நிலத்தைக் கொடுத்து, பில்டரைக் கட்டவைத்து, அதில் பங்கு பெறும் நில உரிமையாளரும் நுகர்வோர்தான் என்று 2008-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் ‘சேவை’ என்பதற்கான விளக்கத்திலேயே வீடு கட்டுமானம் இடம்பெற்றிருக்கிறது.

- எங்கே? கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். திருப்பனந்தாள்காரர்களுக்கு அது தஞ்சாவூரில் இருக்கிறது. கான்ட்ராக்டர் வேறு மாவட்டத்துக்காரராக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்.
- எவ்வளவு கட்டணம்? 5 லட்சம் வரை எதுவும் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.
- எத்தனை நாளுக்குள்? பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். ‘அடுத்த மாசம் வந்து சரிபண்ணித் தர்றேன்’ என்ற வாக்கை நம்பியே இந்தக் காலத்தைக் கடத்திவிடுபவர்கள் உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வாடகைக்கு விடும் கடைகள் போல வணிக நோக்கத்துக்காகக் கட்டினால் இந்த வழி அடைபடலாம். தினக்கூலிக்கு ஆள் வைத்து, நீங்களே நின்று மேற்பார்வை பார்த்துக் கட்டினாலும் சிக்கல்தான். அப்போது அவர்கள் உங்களிடம் வேலை பார்த்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். உங்களுக்குச் சேவை விற்றவர்கள் என்று வாதிடுவது கடினம்.

விரிசலுக்கு யார் பொறுப்பு?

டெல்டா பகுதியில் சண்டை சூடுபிடிக்கும் இடம் இது. இங்குள்ள களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரம் அதற்கேற்ற ஆழத்தில் இல்லையென்றால் சுவர் பிளக்கும். ‘மண்ணு அப்படி, நான் என்ன பண்றது?’ என்பார் கான்ட்ராக்டர். ‘மண்ணைப் பார்த்துக் கட்டத்தானே உங்களை வெச்சோம்?’ என்பார் வீட்டுக்காரர்.

இதில் சட்டம் உணர்ச்சியைப் பார்க்காது. குறை இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார் சொல்பவருடையது என்பதை 2021-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது. எனவே விரிசலை போட்டோ எடுத்தால் மட்டும் போதாது. தகுதிபெற்ற சிவில் இன்ஜினீயரின் அறிக்கை வேண்டும். கட்டடத்தை நேரில் பார்க்க ஒரு நிபுணரை அனுப்பும்படி ஆணையத்திடமும் கேட்கலாம். முக்கியமாக, இதெல்லாம் முடிவதற்கு முன்பே விரிசலை அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால், சாட்சியத்தை நாமே மூடியதாகிவிடும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் திட்டத்துக்குப் பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டியே கள ஆய்வு இல்லை. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால், நம் வீட்டின் அஸ்திவாரத்தை நமக்காகப் பார்க்க இன்னொரு கண்ணும் இல்லை.

‘ஆர்பிட்ரேஷன்’ என்று எழுதியிருந்தால்?

நகரத்து பில்டர்களின் அச்சடித்த ஒப்பந்தங்களில், ‘தகராறு வந்தால் நடுவர் மூலமே தீர்த்துக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு ஷரத்து இருக்கும். அதைக் காட்டி, கோர்ட்டுக்கே போக முடியாது என்று சொல்பவர்களும் உண்டு. பயப்பட வேண்டாம். அப்படி ஒரு ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை பறிபோகாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

அரசு வேலை எடுக்கும் சிறு கான்ட்ராக்டர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ‘எங்கள் அதிகாரிதான் நடுவர்’ என்று எழுதிக்கொள்வது ஒரு காலத்தில் சகஜம். 2015-ல் நடுவர் தீர்ப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒரு தரப்பின் ஊழியரே நடுவராக உட்காருவது தடுக்கப்பட்டது. 2024 நவம்பர் 8-ல் ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பு தொடர்பான வழக்கில் 5 நீதிபதிகள் கொண்ட அமர்வு மேலும் ஒரு படி போனது. அரசுத் தரப்பு தன்னிச்சையாக ஒற்றை நடுவரை நியமிக்கும் ஷரத்து, அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவு தரும் சமத்துவத்துக்கே எதிரானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது.

கான்ட்ராக்டருக்கு நியாயம் இல்லையா?

நிச்சயம் உண்டு. ‘அப்படியே ஒரு பூஜை ரூம், மாடிக்கு ஒரு ஷெட்’ என்று வாய்வார்த்தையில் கூடுதல் வேலை வாங்கிவிட்டு, கடைசியில் கைவிரிக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர், அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 70-வது பிரிவு. பணம் தரத் தேதி எதுவும் பேசியிருக்காவிட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும்.

கோர்ட் வேண்டாம் என்றால்?

ஒரே ஊரில் தினமும் முகம் பார்க்கும் இருவருக்கு மக்கள் நீதிமன்றம் பொருத்தமான வழி. கும்பகோணம் போன்ற ஊர்களில் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே மனு கொடுக்க முடியும், கட்டணம் இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒத்துக்கொண்டு பிறகு பேச்சு மாறுபவரை, இங்கே ஒத்துக்கொண்டதை நிறைவேற்ற வைக்க முடியும்.

வேலை தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால் அதை நிரூபிப்பதுதான் கஷ்டம். ஆகவே இரண்டு பக்கம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. அதில் இருக்க வேண்டியவை:

- சதுர அடி ரேட், அதில் எது சேர்த்தி, எது சேர்த்தி இல்லை (செப்டிக் டேங்க், காம்பவுண்ட், போர் உட்பட)
- அஸ்திவாரத்தின் ஆழம், கம்பி, சிமென்ட் ஆகியவற்றின் அளவும் தரமும்
- பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம்
- முடிக்கும் தேதி, தாமதமானால் என்ன
- கூடுதல் வேலைக்கு முன்கூட்டியே ரேட் பேசி, வாட்ஸ்அப்பிலாவது உறுதிசெய்வது

பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ மூலமோ அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின்படி, உரிய சான்றிதழோடு தந்தால் அவையும் ஆவணங்களே. கம்பி கட்டியதும், கான்கிரீட் போடும் முன்பு தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். கான்கிரீட் விழுந்த பிறகு உள்ளே எத்தனை கம்பி என்று யாராலும் எண்ண முடியாது.

சொந்தக்காரரிடம் போய் எப்படி எழுதி வாங்குவது என்ற தயக்கம் இயல்புதான். ஆனால் கணக்கு எழுத்தில் இருந்தால், வீடு முடிந்த பிறகும் அவர் சொந்தக்காரராகவே இருப்பார்.