ஓடுகிற கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் எதற்கு?

கெங்கவல்லியில் பட்டா பிரின்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். திரையை மறைத்துக்கொண்டு ஒரு அறிவிப்பு வந்தது: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கடைக்காரர் பார்க்காமலே அதை மூடினார். "ஓடற வண்டிய எதுக்குங்க பிரிக்கணும்?"

பாதி நியாயம்தான். ஆதரவு முடிந்த மறுநாள் எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடுவதில்லை. எந்தச் செயலிக்கு எவ்வளவு மெமரி, எந்தக் கோப்பு டிஸ்கில் எங்கே என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரிதான் விண்டோஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டம். அவருடைய கோடிக்கணக்கான வரி நிரலில் ஓட்டைகள் தென்பட்டுக்கொண்டே இருக்கும். ஆதரவு உள்ளவரை மாதாமாதம் ஒட்டுப் போடுவார்கள், பிறகு ஆளில்லை. 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே ஒட்டு வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. ஊராரின் ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகிற மிஷினில் இந்த அலட்சியம் ஆகாது. வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால், பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஒட்டு கிடைக்கும்.

புதிதுக்கு மாறுவதென்றால், விண்டோஸ் 11 கேட்பவை: ரகசியச் சாவிகளைப் பூட்டிவைக்கும் டிபிஎம் 2.0, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ராம். நாலில் ஏறும், நகராது. எட்டுக்குக் குறைந்தால் நான் போடமாட்டேன். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதல் செலவு எஸ்எஸ்டிதான். முள் ஓடிப்போய்த் தேடுகிற வேலை அதில் இல்லை. பழைய விண்டோஸே புதிதுபோல எழுந்து நிற்கும்.

2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றில் பழையவற்றுக்கு 11 ஏறாது, லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறும். அதில் ஒரு வகையான, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது தமிழக அரசே தன் துறைகளுக்கு அதைத்தான் பரிந்துரைத்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கடைக்காரர் பிரின்டரைத் தட்டினார். "இது ஓடுமா?"

சரியான கேள்வி. சிஸ்டம் சொல்வதைப் பிரின்டருக்கு மொழிபெயர்க்கும் டிரைவர் புது சிஸ்டத்துக்குக் கிடைக்காமல் போனால், நல்ல பிரின்டரும் சும்மா கிடக்கும். லினக்ஸில் ஒரு வசதி: பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்கைத் தொடவே வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு பென்டிரைவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.